ஐயம் சான்றாகுமா?

நறுவிலிக்குளத்துக் கமக்காரர் ஒருவர் சென்ற மாதம் எம்மைக் காண வந்தார். காலபோக விதைப்பு முடிந்து, வாய்க்கால் நீருக்கு முறை பார்த்திருக்கும் வேளை அது. அவ்வேளையில் ஒரு பகற்பொழுதை வயலுக்கு வெளியே கழிக்கக் கமக்காரன் எளிதில் உடன்படான். ஆயினும் அவர் வந்தார். ஒரு கையில் ஆங்கிலத்தில் அச்சிட்ட கடிதம். மறு கையில் யூரியாப் பை. பையினுள்ளே உரம் இல்லை. அவருடைய மகளின் அப்பியாசக் கொப்பிகள் இருந்தன.

மகள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவி. எல்லாரும் கற்றேயாக வேண்டிய ஆங்கிலப் பாடத்துக்கு அவர் கொடுத்த ஒப்படைக் கட்டுரையை ஒரு மென்பொருள் சோதித்ததாம். அதில் நூற்றுக்கு 74 பங்கு செயற்கை நுண்ணறிவால் எழுதப்பட்டது என்று அம்மென்பொருள் சொல்லிற்றாம். ஆதலால் அக்கட்டுரைக்குப் புள்ளி வழங்கப்படாது என்றும், ஒழுக்காற்று விசாரணைக்கு வரவேண்டும் என்றும் கடிதம் கூறுகிறது. கட்டுரையின் எந்தப் பந்தி, எந்த வரி, எக்காரணத்தால் பொறியின் எழுத்தெனக் கொள்ளப்பட்டது என்பதைப் பற்றி அக்கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. எண் ஒன்றே இருக்கிறது.

"ஐயா, இந்த எழுபத்து நாலை ஆர் எண்ணினது?" என்று அவர் கேட்டார்.

அவ்வினாவே எம்மை இதனை எழுதத் தூண்டிற்று.

பல்கலைக்கழகத்தின் பெயரை நாம் இங்கே குறிக்கவில்லை. விசாரணை இன்னும் நடைபெறவில்லை. நடைபெறுமுன்னர் ஒரு தரப்பை இழித்துரைப்பது எமது தொழிலுக்குத் தகாது. அன்றியும், இக்குறை ஒரு கழகத்தோடு நிற்பதுமன்று. உலகெங்கும் பல்கலைக்கழகங்கள் இன்று இதே சுழியில் அகப்பட்டுத் திணறுகின்றன.

முதலில் ஒன்றை ஒளியாது கூறிவிடுவோம். மாணவர் பலர் பொறியைக் கொண்டு எழுதுவிக்கின்றனர். இதனை மறுப்பவர் நடப்பறியாதவர். அல்லது அறிந்தும் மறைப்பவர். சட்ஜிபிடி என்னும் மென்பொருள் 2022 நவம்பரில் வெளிவந்தது. அன்றுதொட்டுக் கைபேசி வைத்திருக்கும் எந்த மாணவனும் தலைப்பை மட்டும் கொடுத்து, தேநீர் ஆறுமுன்னர் பிழையற்ற ஆங்கிலக் கட்டுரை ஒன்றைப் பெற்றுவிடலாம். வரலாறோ பொருளியலோ கற்பவன் இவ்வாறு செய்தால் ஒரு கட்டுரையின் பயனை இழக்கிறான். மொழி கற்பவன் செய்தாலோ பாடம் முழுவதையுமே இழக்கிறான். சொல்லைத் தேடித் தடுமாறுவதும், எழுதியதை அடித்துத் திருத்தி மீண்டும் எழுதுவதுமே அங்கே கல்வி. அத்தடுமாற்றத்தைப் பொறியிடம் ஒப்படைத்தவனுக்குக் கற்க எஞ்சுவது யாது? நாளை மருத்துவமனையிலும், காணித் திணைக்களத்திலும், கொழும்பு அலுவலகங்களிலும் எம் மக்களுக்காக ஆங்கிலத்தில் எழுதவும் வாதிடவும் வேண்டியவர்கள் இம்மாணவரே. அன்று கைபேசியின் மின்கலம் தீர்ந்தால் அவர்களுடைய அறிவும் தீர்ந்துவிடலாகாது.

ஆகவே ஆசிரியர்களின் கவலை நியாயமானது. கட்டுக்கட்டாகக் குவியும் ஒப்படைகளைத் திருத்தும் ஆங்கிலப் போதனாசிரியர், நேற்றுவரை ஒரு வாக்கியத்தைப் பிழையின்றி எழுத மாட்டாதிருந்தவன் இன்று பத்திரிகை ஆசிரியனைப் போல எழுதிக் கொண்டு வருவதைக் காண்கையில் ஐயுறாமல் என் செய்வார்? ஐயுறுவது அவருடைய கடமையுமாகும். ஐயத்தின் பின் அவர் எடுத்துவைக்கும் அடுத்த அடியைப் பற்றியதே எமது வழக்கு.

இன்னொன்றையும் இங்கு நினைவுகூர்தல் தகும். பிறருடைய ஆங்கிலத்தைக் கடன் வாங்குவது எம் மக்களுக்குப் புதிதன்று. வெள்ளையர் ஆட்சியிலே கச்சேரிக்கு ஒரு விண்ணப்பம் செய்வதாயின், ஆங்கிலம் அறிந்த பெட்டிசன் எழுத்தாளரைத் தேடிப் பிடித்து, காசு கொடுத்து எழுதுவித்து, அடியிலே பெருவிரல் அடையாளம் இட்டவர்கள் எம் பாட்டன்மார். அம்மனுவின் ஆங்கிலம் எழுத்தாளருடையது. குறையும் வலியும் விரல் பதித்தவருடையவை. அதனைக் களவென்று எவரும் கூறினாரல்லர். ஆள்வோர் தம் மொழியன்றி வேறு மொழியைப் படிக்க மறுத்ததால் நேர்ந்த நிலை அது. 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்தின் பின்னர் எழுத்தாளரின் மொழி மாறிற்றேயன்றி, விரல் பதித்தவரின் நிலை மாறவில்லை.

பரீட்சை வேறு என்பதை நாம் அறிவோம். 'உன் குறை யாது?' என்பதே மனுவைப் படிப்பவரின் கேள்வி. 'உன்னால் எழுத முடியுமா?' என்பதே மொழிப் பாடத்தின் கேள்வி. இரண்டாவது கேள்விக்கு இரவல் விடை ஏற்கத்தக்கதன்று. எனினும், ஆங்கில ஆசிரியரை ஒரு தவணை கண்டு மறு தவணை காணாத பாடசாலையிலே படித்து, 'என் கிராமம்' என்ற கட்டுரையை ரியூசன் வகுப்பிலே மனனம் செய்து, அதனையே எழுதிச் சித்தியெய்திய பிள்ளையிடம், பல்கலைக்கழகம் திடீரெனச் 'சொந்தமாக எழுது' என்கிறது. பன்னிரண்டு ஆண்டுகள் மனனத்துக்குப் பரிசளித்த கல்விமுறை அது. அப்பிள்ளையின் நடை வாய்பாடாக இருப்பதில் வியப்பென்ன? அவ்வாய்பாட்டு நடையே இப்போது அவனுக்கு எதிரான சான்றாக வந்து நிற்கிறது.

நிற்க. அந்த எழுபத்து நான்கை எண்ணியது யார்?

மனிதர் எவரும் எண்ணவில்லை. ஒரு சொல்லின் பின் எச்சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்தே எழுதும் பொறி எழுதுகிறது. ஆகவே, ஓர் எழுத்தில் அடுத்தடுத்த சொற்கள் எதிர்பார்த்தவாறே வந்து கொண்டிருந்தால் அது பொறியின் எழுத்தாக இருக்கக்கூடும். எதிர்பாராத சொல்லும், நீண்டும் குறுகியும் ஏறியிறங்கும் வாக்கியமும் மிகுந்தால் மனிதரின் எழுத்தாக இருக்கக்கூடும். சோதிக்கும் கருவிகள் பலவற்றின் அடிப்படைக் கணக்கு இதுவே. 'இருக்கக்கூடும்' என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். கணக்கின் முடிவில் அச்சொல் மறைந்து எண் மட்டும் தாளில் ஏறுகிறது.

இக்கணக்கில் முதலில் அகப்படுபவர் யார்? ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பெறாதவரே. தெரிந்த சில நூறு சொற்களைக் கொண்டு, பிழை நேருமோ என்று அஞ்சி அஞ்சி, ஆசிரியர் கற்பித்த அதே வாக்கிய அமைப்புக்களை அடுக்குபவர் அவர். (எம் தொழிலிலே நாள்தோறும் வரையப்படும் வழக்கு மனுக்களை இக்கருவியிடம் கொடுத்தால், நூற்றுக்கு நூறும் பொறியினுடையதென்றே கூறிவிடும் என அஞ்சுகிறோம். தலைமுறை தலைமுறையாக ஒரே வாக்கியங்களையே எழுதி வருகிறோம் அல்லவா!)

இது எமது கற்பனையன்று. அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் சிலர் 2023இல் இதனைச் சோதித்தனர். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர் 'டோபல்' பரீட்சைக்கென எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்தனர். அவை அனைத்தும் மனிதர் எழுதியவை. ஆயினும் சராசரியாக நூற்றுக்கு 61க்கு மேற்பட்டவை பொறியால் எழுதப்பட்டவை எனக் கருவிகள் கூறின. 91இல் 89 கட்டுரைகளை ஏழில் ஒரு கருவியேனும் குற்றஞ்சாட்டிற்று. 18 கட்டுரைகளை ஏழும் ஒருமுகமாகக் குற்றஞ்சாட்டின. அதே கருவிகள் அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளை ஏறக்குறையப் பிழையின்றி மனிதருடையவை என இனங்கண்டன. இதனினும் விந்தை ஒன்றுண்டு. அந்த 91 கட்டுரைகளையும் சட்ஜிபிடியிடம் கொடுத்து, தாய்மொழியாளர் போலச் சொல்வளம் ஊட்டச் செய்து மீண்டும் சோதித்தபோது, தவறாகக் குற்றஞ்சாட்டப்பட்டவை நூற்றுக்கு ஏறத்தாழ 12 ஆகக் குறைந்தன! தானே தடுமாறி எழுதியவன் கள்வன்; பொறியைக் கொண்டு மெருகிட்டவன் யோக்கியன். அதன் பின்னர் கருவிகள் திருத்தமடைந்துவிட்டன என்று அவற்றைச் செய்து விற்போர் கூறுகின்றனர். இருக்கலாம். விற்பவரின் சொல்லை மட்டும் கேட்டுப் பொருள் வாங்கும் வழக்கம் எம் கமக்காரரிடமும் இல்லை.

பொறியைச் செய்தவரே அதனைக் கண்டுபிடிக்க மாட்டாது கைவிட்டனர் என்பதும் அறியத்தக்கது. சட்ஜிபிடியை ஆக்கிய ஓப்பன் ஏஐ நிறுவனம் 2023 ஜனவரியில் சோதனைக் கருவி ஒன்றையும் வெளியிட்டது. துல்லியம் போதாது என்று அதே ஆண்டு ஜூலையில் மீளப் பெற்றுக்கொண்டது. அமெரிக்காவின் வண்டர்பில்ற் பல்கலைக்கழகம் 2023 ஓகஸ்டில் இத்தகைய கருவியை நிறுத்திய போது எளிய கணக்கு ஒன்றைக் காட்டிற்று. நூற்றுக்கு ஒன்றே பிழைக்கும் என்று கருவியை விற்றோர் கூறினராம். 2022இல் அப்பல்கலைக்கழகம் சோதனைக்கு அனுப்பிய கட்டுரைகள் 75,000. நூற்றுக்கு ஒன்று என்றால் 750 மாணவர் குற்றமின்றிக் கூண்டில் ஏறியிருப்பர்.

கமக்காரருக்கு இவ்விடயம் விளங்காததன்று. நெற்சந்தைப்படுத்தும் சபையின் களஞ்சியத்துக்கு நெல் கொண்டு சென்றவர் ஈரப்பதமானியை அறிவார். நூற்றுக்கு 14க்கு மேல் ஈரம் காட்டினால் நெல் உரிய விலை பெறாது. அங்கேயும் எண்ணைச் சொல்வது பொறிதான். ஆனால் அவ்வெண்ணில் ஐயமுற்றால், சாக்கின் வேறிடத்திலிருந்து மாதிரி எடுக்குமாறு கேட்கலாம். வேறொரு மானியில் இட்டுப் பார்க்கலாம். நெல்லைப் பாயிலே பரப்பி, இரண்டு வெயில் காட்டி மீண்டும் கொண்டு வரலாம். ஈரம் என்பது நெல்லினுள்ளே மெய்யாகவே இருக்கும் பொருள். உலர்த்தி நிறுத்தால் மானி சொன்னது மெய்யோ பொய்யோ என்பது வெளிப்பட்டுவிடும். தராசுக்கோ அரசாங்க முத்திரை உண்டு. முத்திரையில்லாத் தராசில் நிறுத்து வாங்கும் வியாபாரி சட்டத்தின் முன் நிறுத்தப்படுவான். இப்பெண்ணின் கட்டுரையினுள்ளே 74 எங்கே இருக்கிறது? அதனை எந்தப் பாயிலே பரப்பி உலர்த்துவது? அக்கருவிக்கு முத்திரையிட்ட திணைக்களம் எது?

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம் இன்றும் எமது நீதிமன்றங்களில் வழங்குகிறது. அதன் 101ஆம் பிரிவின்படி, ஒன்றை நிகழ்ந்ததெனக் கூறித் தீர்ப்புக் கேட்பவரே அதனை எண்பித்தல் வேண்டும். 45ஆம் பிரிவு நிபுணரின் அபிப்பிராயத்தைச் சான்றாக ஏற்கிறது. ஆனால் 51ஆம் பிரிவு, அபிப்பிராயம் தொடர்புடையதாயின் அதற்கு அடிப்படையான காரணங்களும் தொடர்புடையனவே என்கிறது. கையெழுத்து நிபுணர் கூண்டில் ஏறி, 'இவ்வெழுத்து இன்னாருடையதன்று' என்று கூறிவிட்டு இறங்கிப் போய்விட முடியாது. எந்த வளைவு, எந்தச் சுழி, எங்கே எழுதுகோல் தூக்கப்பட்டது என்று காட்ட வேண்டும். எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் குறுக்கு விசாரணையைத் தாங்க வேண்டும். மென்பொருளோ கூண்டில் ஏறாது. ஏறினாலும் வாய் திறவாது.

அக்கட்டளைச் சட்டத்திலே 47ஆம் பிரிவு என ஒன்றும் உண்டு. எமக்கு அது மிகவும் விருப்பமானது. ஒருவருடைய கையெழுத்தை நெடுநாட் பழகி அறிந்தவரின் அபிப்பிராயமும் சான்றாகும் என்பது அதன் சாரம். கற்றறிந்த நிபுணர் அல்லாவிடினும், அவருடைய கடிதங்களைப் பெற்றுப் பழகியவர் அறிவார் என்பது சட்டத்தின் நம்பிக்கை. ஒரு மாணவியின் ஆங்கிலத்தை அவ்வாறு பழகி அறியக்கூடியவர் அவளுடைய ஆசிரியர் ஒருவரே. அவர் அறியாதிருந்தால், அறிவதற்கு வேண்டிய நேரமும் சிறு வகுப்பும் அவருக்கு வழங்கப்படவில்லை என்பதே பொருள்.

பல்கலைக்கழக விசாரணை நீதிமன்றம் அன்று. சான்றுக் கட்டளைச் சட்டம் அங்கே எழுத்துக்கு எழுத்துச் செல்லாது எனக் கூறுவாரும் உளர். உண்மை. ஆனால் இயற்கை நீதி எங்குஞ் செல்லும். அதனை மீறிய முடிபை மேன்முறையீட்டு நீதிமன்றம் அரசியலமைப்பின் 140ஆம் உறுப்புரையின் கீழ் எழுத்தாணை கொண்டு தள்ளிவிடலாம். இந்த இயற்கை நீதி என்னும் நெறிக்குச் சட்டம் பயில்வோர் எடுத்துக்காட்டும் பழைய வழக்குகளுள் ஒன்று, ஒரு பல்கலைக்கழகத்திலேதான் பிறந்தது என்பது சுவையான செய்தி. கேம்பிரிட்ஜிலே ரிச்சட் பென்ற்லி என்றொரு கிரேக்கப் பேரறிஞர் இருந்தார். பண்டைச் சிசிலித் தீவை ஆண்ட பலாரிஸ் என்னும் கொடுங்கோலன் எழுதியவை என்று அக்காலத்துப் பெரியோர் போற்றிய கடிதங்களைப் போலியென்று நிறுவியவர் அவர். எவ்வாறு நிறுவினார்? சிசிலியின் கிரேக்கர் பேசியது டோரிக்கு வழக்கு; கடிதங்களோ ஏதென்சு வழக்கில் இருந்தன. பலாரிஸ் இறந்து நெடுங்காலத்துக்குப் பின் தோன்றிய ஊர்களின் பெயர்கள் அவற்றிலே காணப்பட்டன. இவ்வாறு ஒவ்வொன்றாகக் காரணம் காட்டி 1699இல் ஒரு பெருநூலே எழுதினார். ஐயுற்றவர்தான், ஆயினும் ஐயத்துக்கு ஆதாரம் தேடித் தந்தவர். எம் சி. வை. தாமோதரம்பிள்ளையும் பழந்தமிழ் ஏடுகளைப் பதிப்பித்த காலத்திலே பிரதிகளை ஒப்பு நோக்கியன்றோ பாடங்களைத் தெளிந்தார்!

அந்தப் பென்ற்லியின் பட்டங்களை, வேறொரு பிணக்கிலே, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1718இல் அவரை விசாரியாமலே பறித்தது. 1723இல் அரச நீதிமன்றம் அது செல்லாதென்று கூறிப் பட்டங்களை மீள வழங்கப் பணித்தது. நீதியரசர் ஒருவர் அவ்வழக்கிலே ஆதாமை உதாரணமாகக் காட்டினார். விலக்கிய கனியை உண்டதை எல்லாம் அறிந்த இறைவனே, தண்டனை கூறுமுன் ஆதாமை அழைத்து வினவினான் அல்லவா என்பது அவர் வாதம். மடுமாதாவின் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் செல்லும் எம் மன்னார்க் கத்தோலிக்கருக்கு ஆதாமின் கதையை நாம் விரிக்க வேண்டுவதில்லை. எல்லாம் அறிந்தவனே வினவினான். நூற்றுக்கு 74 அறிந்த பொறி வினவ வேண்டாமோ?

இவ்வளவும் சட்டத்தரணியின் வாதம். தமிழர் என்ற முறையில் எமக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அது பழைய கணக்கு.

1970இலே பல்கலைக்கழக அனுமதிக்கான பெறுபேறுகள் வந்த காலை, பொறியியற் பீடத்துக்குத் தமிழ் மாணவர் பெருந்தொகையினராகத் தெரிவாகினர் என்ற பேச்சுத் தெற்கிலே பரவிற்று. அப்படியாயின் தமிழ்ப் பரீட்சகர் தம் மாணவருக்குப் புள்ளிகளை அள்ளி வழங்கியிருத்தல் வேண்டும் என்ற பழி எழுந்தது. அப்பழி எண்பிக்கப்படவில்லை. ஆயினும் ஐயம் தன் வேலையைச் செய்து முடித்தது. 1971இன் அனுமதியிலே மருத்துவத்துக்கு 400 புள்ளிகளுள் சிங்கள மொழி மூலம் எழுதியவருக்கு 229 போதும். தமிழ் மொழி மூலம் எழுதியவருக்கு 250 வேண்டும். பேராதனைப் பொறியியலுக்கு அவர்களுக்கு 227, எம்மவர்க்கு 250. மொழிவாரித் தரப்படுத்தல் என்று அதற்குப் பெயரிட்டனர். அரசு வேறு நியாயங்களையும் கூறிற்று என்பதை நாம் மறைக்கவில்லை. கிராமப் பாடசாலைகளின் வறுமை அவற்றுள் ஒன்று; அவ்வறுமை மெய்யானதே. பின்னர் 1974இலே மாவட்ட ஒதுக்கீடு வந்தபோது மன்னார் போன்ற பின்தங்கிய மாவட்டங்களின் பிள்ளைகள் அதனாற் பயனடைந்தனர், இன்றும் அடைகின்றனர். இந்த நறுவிலிக்குளத்து மாணவியும் அவ்வழியாகவே பல்கலைக்கழகம் புகுந்திருக்கக்கூடும். யாழ்ப்பாணத்து நண்பர் சிலருக்கு எமது இக்கூற்று இனிக்காது. ஆனால் மாவட்டத்தின் வறுமையைக் கண்டு வாயில் திறப்பது வேறு. மொழியைக் கண்டு கள்வன் எனத் தள்ளுவது வேறு. முன்னதற்குக் காரணம் காட்டலாம், கணக்குப் பார்க்கலாம், திருத்தலாம். பின்னது எண்பிக்கப்படாத ஐயத்தின் மேல் எழுந்தது. அந்த இருபத்தொரு புள்ளிகளுக்கு இந்நாடு கொடுத்த விலையை இவ்வார ஏட்டின் வாசகருக்கு நாம் கூற வேண்டுவதில்லை.

அன்று எம் பிள்ளைகளைத் தனிமனிதராக எவரும் விசாரிக்கவில்லை. 'நீ எழுதியது எது, உனக்கு மிகையாக இட்ட புள்ளி எது?' என்று ஒருவரையேனும் அழைத்துக் கேட்டாரில்லை. ஒரு மொழியில் எழுதியவர் அனைவர் மேலும் ஒரே எண்ணை ஏற்றினர். இன்றைய மென்பொருளுக்கு இனத்துவேசம் கிடையாது. அதற்கு எம்மைத் தெரியவே தெரியாது. எனினும் அதன் கணக்கு, இரவல் மொழியில் எழுதுவோர் மேலேயே வந்து விழுகிறது. எளிய ஆங்கிலம் எழுதும் சிங்களக் கிராமத்துப் பிள்ளைக்கும் இதே கதிதான் என்பதையும் சேர்த்துக் கூறுவோம். மொனராகலையிலும் அம்பாந்தோட்டையிலும் உள்ள தந்தையர் இதிலே எமது அயலவரே.

இந்தியாவிலே இக்கேள்வி நீதிமன்ற வாயில்வரை சென்று திரும்பிற்று. 2024இலே அரியானாவின் ஜிண்டால் பல்கலைக்கழகத்தில் சட்டமேற்படிப்புப் பயின்ற ஒருவரின் விடையில் 88 சதவீதம் பொறியினுடையது என்று கூறி, அப்பாடத்தில் அவரைத் தோல்வியுறச் செய்தனர். அவர் பஞ்சாப் - அரியானா உயர்நீதிமன்றத்தை நாடினார். எழுத்து என்னுடையதே என்றார். நீதிமன்றம் விளக்கம் கேட்டது. வழக்கு நடந்துகொண்டிருக்கையில் அவரைச் சித்தியடைந்தவராகக் கொண்டுவிட்டோம் என்று பல்கலைக்கழகம் தெரிவித்தது; வழக்கும் முடிந்தது. பொறியின் கூற்று சான்றாகுமா என்ற கேள்விக்கு விடை கூறவேண்டிய தேவை அந்நீதிமன்றத்துக்கு ஏற்படவில்லை. வழக்காடத் தெரிந்த சட்ட மாணவர் தப்பினார். நறுவிலிக்குளத்துப் பெண்ணோ யூரியாப் பையை நம்பியிருக்கிறாள்.

அப்படியாயின் கள்ள எழுத்தைக் கண்டும் வாளாவிருப்பதா? இல்லை. மொழிப் பாடத்தின் புள்ளிகளிற் பெரும்பகுதியை வகுப்பறையிலே, ஆசிரியரின் முன்னிலையிலே, பேனாவால் எழுதும் எழுத்துக்கு வழங்குக. வீட்டில் எழுதிவரும் கட்டுரையோடு முதற் பிரதியையும், அடித்துத் திருத்திய தாள்களையும் கேட்டு வாங்குக; கணினியில் எழுதியவரிடம் அவ்வாவணம் நாளுக்கு நாள் வளர்ந்த வரலாற்றைக் கேட்குக. ஐயம் எழுந்தால் மாணவரை அழைத்துப் பதினைந்து நிமிடம் உரையாடுக. 'இந்தச் சொல்லை ஏன் இங்கே இட்டாய்? இப்பந்தியை வேறு விதமாகச் சொல்' என்று கேட்டால், தான் எழுதாததைச் சுமந்து வந்தவன் மூன்றாவது கேள்வியைத் தாண்டுவது அரிது. நாணத்தால் வாய் அடைத்துப் போகும் கிராமத்துப் பிள்ளையும் உண்டு என்பதால், தமிழில் விளக்கவும் இடமளித்தல் வேண்டும். விசாரிக்கப்படுவது எழுத்து யாருடையது என்பதேயன்றி, நாவன்மை அன்று. இத்தனைக்கும் பின்னர் குற்றம் தெளிவானால் தண்டனை வழங்குக. நாம் குறுக்கே நில்லோம். மென்பொருளின் எண்ணை ஆசிரியர் தம் மேசைக்குள் வைத்துக்கொள்ளட்டும். குற்றப்பத்திரிகையில் அதனைத் தனிச் சான்றாக ஏற்றுவதை மூதவைகள் எழுத்திலே தடைசெய்தல் வேண்டும். யாழ்ப்பாணம், வவுனியா, கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்கள் இதனை ஒருமித்துச் செய்யலாம். மாணவர் தொகைக்கேற்ற ஆங்கிலப் போதனாசிரியர்களைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வழங்காதவரை, பதினைந்து நிமிட உரையாடல் என்பது ஏட்டுச் சுரைக்காயே என்பதையும் அறிவோம். அதற்காகவும் குரல் எழுப்புவோம்.

இனி அந்தப் பையைப் பற்றி.

கொப்பிகளை எமது மேசையிலே அடுக்கிப் பார்த்தோம். பதினோராம் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை மொத்தம் பதினான்கு. குற்றஞ்சாட்டப்பட்ட கட்டுரையின் பொருள், உவர் ஏறும் ஊர்க் கிணறுகளும் குடிநீரும். அதற்கு மூன்று முன்வரைவுகள் இருந்தன. முதலாவது பாதி தமிழிலே இருந்தது. 'டிஸ்கஸ்' என்ற ஆங்கில வினைக்குப் பின் 'எபவுட்' என்ற சொல் வரலாகாது என்பது இலக்கணம். எம்மவர் பலர் அதனைச் சேர்த்தே எழுதுவர். 'அதைப் பற்றி ஆராய்ந்தோம்' என்னும் எமது 'பற்றி' அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. இம்மாணவி பதினோராம் வகுப்பிலும் அப்பிழையை எழுதியிருக்கிறாள். ஆசிரியர் சிவப்பு மையால் வெட்டியிருக்கிறார். பன்னிரண்டாம் வகுப்பிலும் எழுதியிருக்கிறாள். மீண்டும் சிவப்பு மை. பொறியால் எழுதப்பட்டதென்று கூறப்படும் கட்டுரையிலே அதே பிழை இரண்டு இடங்களில் இருக்கிறது. பிழை செய்யுமாறு பொறிக்குக் கட்டளையிடவும் முடியும் என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். வாதிடட்டும்; அப்போது அந்தக் கட்டளையை அவளே இட்டாள் என்பதை எண்பிக்கும் பொறுப்பு அவர்களைச் சாரும்.

விசாரணைக்குச் சட்டத்தரணி உடன் வர இயலாதென்று கூறியிருக்கிறார்கள். ஆகவே பதினான்கு கொப்பிகளிலும் அப்பிழை வரும் பக்கங்களுக்குக் கடதாசித் துண்டு செருகி, ஒவ்வொரு துண்டிலும் இலக்கமிட்டு, பையை அவரிடமே திருப்பிக் கொடுத்தோம். பிற்பகல் இரண்டு மணிக்கு நானாட்டானுக்குப் போகும் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்று எழுந்தார். அன்றிரவு அவருடைய வயலுக்கு நீர்முறையாம்.